லேப் அம்மா பார்த்தது

எதைக் கேட்டாலும் தெரியாது என்று சொல்லும் ஒரு படித்த மனுஷியிடம் நான் ஒன்றே முக்கால் வருஷம் வேலை பார்த்தேன். மழை வருமா என்று கேட்டால் வானத்தை ஒருமுறை பார்த்துவிட்டுத் தெரியாது என்பார். கம்பம் பஸ் போய்விட்டதா என்றால், "நான் பாக்கல" என்பார். காய்ச்சலில் கிடப்பவனின் பெண்டாட்டி கையைப் பிடித்துக்கொண்டு, பொழைச்சுக்குவாரா அக்கா என்று கேட்கும்போதும் அதே சொல்தான், அதே குரல்தான். முதல் மாதம் அந்தச் சொல்லைக் கேட்டாலே எனக்கு எரிச்சல் வரும்.

எழுபதுகளின் நடுவில், சின்னமனூரில் எட்டுக் கட்டில் போட்ட ஒரு தனியார் ஆஸ்பத்திரி. அதன் பின்பக்கம், வாழைத் தோப்பைப் பார்த்த ஜன்னலோடு ஓர் அறை. அதுதான் லேப். அவர் போடிப் பக்கம் ஏலக்காய் வியாபாரம் செய்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி. காஞ்சிப் பட்டு கட்டவேண்டிய வீட்டில் பிறந்து வெளுத்த நூல் புடவையில் திரிந்தார். ஊரில் எல்லோருக்கும் அவர் லேப் அம்மா. முதுகுக்குப் பின்னால் மூத்திரத்தம்மா. அதுவும் அவருக்குத் தெரியும். "நான் பாக்குறதத்தான சொல்றாக" என்பார்.

நான் அங்கே வேலை தேடிப் போகவில்லை. அதற்கு முன் ஏலத் தோட்டத்தில் களை வெட்டி, கோட்டயத்தில் ஓட்டலில் பாத்திரம் கழுவி, தேனியில் பஞ்சுப் பொதி தூக்கி, லாரியில் கிளீனராகி, எதிலும் ஆறு மாதம் தாண்டாமல் முப்பதை நெருங்கியிருந்தேன். படிப்பு ஐந்தாவதோடு சரி. லாரி சின்னமனூரில் நின்றபோது குளிர்காய்ச்சல் தூக்கிப் போட்டது. டிரைவர் என்னை ஆஸ்பத்திரி வராந்தாவில் இறக்கிவிட்டுப் போய்விட்டார். அவர் மேல் தப்பில்லை. ஏற்றியிருந்தது தக்காளி.

லேப் அம்மா என் விரலைக் குத்தி ரத்தம் எடுத்துக்கொண்டு போனார். வெகுநேரம் கழித்து வந்து, "தம்பி, மலேரியா இருக்கு. கண்ணால பாத்துட்டேன். மாத்திரை குடுப்பாக" என்றார். கேட்குமா என்றேன். "தெரியாது" என்று சொல்லிவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டார்.

மாத்திரை கேட்டது. எழுந்து நடமாட ஆரம்பித்ததும் போக இடமில்லாததால் அங்கேயே இருந்துவிட்டேன். கண்ணாடிக் குழாய் கழுவுவது, ஊசி கொதிக்கவைப்பது, ஐஸ் வாங்கி வருவது என் வேலை.

மைக்ராஸ்கோப்பில் பார்ப்பவர்கள் ஒரு கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பார்கள் என்று நினைத்திருந்தேன். அவர் இரண்டு கண்ணையும் திறந்தே வைத்திருப்பார். ஒன்று குழாய்க்குள், மற்றது சும்மா மேஜையைப் பார்த்தபடி. கண்ணை இடுக்கிப் பார்க்கிறவன் சீக்கிரம் களைத்துப்போய் பார்க்காததையும் பார்த்ததாக எழுதுவான் என்பது அவர் கட்சி. ரத்த அணுக்களை எண்ணும்போது இடது கையால் புளியங்கொட்டைகளை ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்குப் போட்டுக்கொண்டே எண்ணுவார். அப்போது யாரும் பேசக்கூடாது. டாக்டரே வந்தாலும் வாசலில் நிற்க வேண்டியதுதான். எண்ணி முடித்ததை எழுதமாட்டார். இன்னொரு தடவை முதலிலிருந்து எண்ணுவார். இரண்டும் ஒத்துவந்தால்தான் பேனாவை எடுப்பார்.

டாக்டர் இதற்கு நேர் எதிர். நல்ல மனிதர், தங்கமான வாய். வருகிறவர்கள் எல்லோரிடமும், "ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும்" என்பார். செத்துக்கொண்டிருப்பவனிடமும் அதைத்தான் சொல்வார். அதனால் ஜனங்கள் அவர் சொன்னதைக் கேட்டுவிட்டு, பின்பக்கமாக வந்து லேப் ஜன்னலில் எட்டிப் பார்த்து, "நெசமா என்னான்னு நீங்க சொல்லுங்க" என்பார்கள்.

அவரைப் பெண் பார்க்க வந்தவர்கள் சமைக்கத் தெரியுமா என்று கேட்டதற்குத் தெரியாது என்று சொன்னதால்தான் கல்யாணம் நின்றதென்று நர்ஸ்கள் சிரிப்பார்கள். நிஜமா என்று ஒருநாள் கேட்டே விட்டேன். "நெசந்தான். இப்பவும் தெரியாது" என்று சொல்லிவிட்டு டிபன் பாக்ஸைத் திறந்தார். கருகின தோசை இருந்தது.

ஒரு முறை கோம்பைக்காரர் ஒருவரின் சளியைப் பார்த்து, காசநோய்க் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்திருந்தார். மறுநாள் கண்ணாடித் துண்டுகளைக் கழுவப் போடுவதற்கு முன் அவருடையதை எடுத்துத் திரும்பப் பார்த்தார். ஏன் எடுத்தார் என்று கேட்டால் அதுவும் தெரியாது. ஓர் ஓரத்தில் இரண்டே இரண்டு கிருமி இருந்தது. மத்தியான வெயிலில் பஸ் பிடித்துக் கோம்பைக்குப் போனார். கூட நானும் போனேன். அந்த ஆளின் வீட்டு வாசலில் நின்று, தெரு கேட்க, "நேத்து நான் பாத்தது தப்பு" என்றார். வீட்டுக்காரி, நல்ல மனுஷனுக்குச் சீக்கு ஒட்டவைக்க வந்தாயா என்று வாயில் வந்தபடி ஏசினாள். இவர் அசையவில்லை. அந்த ஆள் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பும்வரை வேப்ப மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். திரும்பும்போது அந்த ஆளுக்கும் சேர்த்து டிக்கெட் எடுத்தார்.

தப்பை ஒத்துக்கொள்வதை நான் அதற்கு முன்னும் பார்த்திருக்கிறேன். பிடிபட்ட பிறகுதான் ஒத்துக்கொள்வார்கள். பிடிபடாத தப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிப் போன ஆளை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

ஆனால் அந்தக் குணம் ஒரு குடும்பத்தையே உடைக்கப் பார்த்ததும் உண்டு. அதைத்தான் சொல்ல வந்தேன்.

உத்தமபாளையத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரில் திராட்சைத் தோட்டம் வைத்திருந்த குடும்பம். எட்டு வயசுப் பெண்பிள்ளையை மாட்டு வண்டியில் போட்டுக்கொண்டு வந்தார்கள். இரண்டு மாதமாக ஓயாமல் தண்ணீர் குடித்து, ஓயாமல் மூத்திரம் போய், துரும்பாக இளைத்துக் கடைசியில் நினைவு தப்பிவிட்டது. லேப் அம்மா நீல மருந்தில் எட்டுச் சொட்டு மூத்திரம் விட்டுச் சூடாக்கினார். நீலம் நீலமாகவே நின்றால் சர்க்கரை இல்லை. கொஞ்சம் இருந்தால் பச்சை, அப்புறம் மஞ்சள். அந்தப் பிள்ளையின் குழாய் பார்த்துக்கொண்டிருக்கும்போதே செங்கல் பொடி கரைத்த மாதிரி ஆகிவிட்டது. பிள்ளைகளுக்கு வரும் சர்க்கரை நோய். இன்சுலின் ஊசியில் நாலாம் நாள் எழுந்து உட்கார்ந்தது.

பிள்ளையின் அம்மாவுக்கு இருபத்தைந்து, இருபத்தாறு வயசு. ஊசி போடுவதை ஒரே நாளில் கற்றுக்கொண்டாள். லேப் அம்மா அவளை உட்காரவைத்து ஒன்று சொன்னார். "ஊசி போட்டுட்டு நேரத்துக்குச் சோறு குடுக்கலன்னா பிள்ளைக்கு வேர்க்கும், கை நடுங்கும், பேச்சுக் கொழறும். அப்ப சீனித் தண்ணிதான் மருந்து. யோசிக்காத. யார்ட்டயும் கேக்காத."

"சக்கரை சீக்குக்குச் சக்கரையாக்கா?"

"ஆமா. ஊசி சக்கரைய எறக்கிக்கிட்டே போகும். ஒரு மட்டத்துக்குக் கீழ போனா உசுருக்கு மோசம். நான் பாத்துருக்கேன்." அதை அவள் வாயால் மூன்று முறை சொல்லவைத்த பிறகுதான் விட்டார்.

ஊருக்குப் போன பத்தாம் நாள் வழக்கு ஆரம்பித்தது. பிள்ளைக்கு ஏன் இந்தச் சீக்கு என்று அவள் மாமனார் யோசித்திருக்கிறார். அறுப்பு நடந்த நாட்களில் மருமகள் பிள்ளையையும் தோட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போயிருக்கிறாள். உதிரிப் பழத்தைக் கூடையோடு பக்கத்தில் வைத்துவிட்டுக் குலை வெட்டியிருக்கிறாள். பிள்ளை நாள் முழுக்கத் திராட்சையே தின்றிருக்கிறது. அந்த இனிப்புதான் ரத்தத்தில் ஏறிவிட்டது, தாய்க்காரிதான் ஏற்றிவிட்டாள் என்று முடிவுகட்டி, அவளை மட்டும் குச்சனூர்ப் பக்கம் இருந்த பிறந்த வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். புருஷன்காரன் அப்பன் பேச்சைத் தாண்டாதவன். பிள்ளைக்கு உள்ளூர்க் கம்பவுண்டர் தினமும் காலையில் வந்து ஊசி போட்டார்.

பிறகு ஆடிச் சனிக்கிழமை வந்தது. பிள்ளைக்குச் சனி பிடித்திருக்கிறது என்று மாமனார் குச்சனூர் சனீஸ்வரன் கோயிலுக்கு நேர்ந்துகொண்டார். அங்கே முறை என்னவென்றால், குளித்து, எள் விளக்கு ஏற்றி, காக்கைக்குச் சோறு வைத்து, காக்கை எடுத்த பிறகுதான் விரதம் விட வேண்டும். ஊசியை ஒருநாளும் விடக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்ததால் விடியற்காலையில் ஒழுங்காக ஊசியைப் போட்டுவிட்டு, பிள்ளையை வெறும் வயிற்றோடு பஸ் ஏற்றிவிட்டார்கள். ஆடிச் சனியில் குச்சனூரில் ஆயிரம் பேர் சோறு வைக்கிறார்கள். காக்கைகள் விடிந்ததிலிருந்து தின்று கழுத்து வரை ரொம்பி மரத்தில் உட்கார்ந்திருந்தன. இவர்கள் வைத்த சோற்றை ஒன்றும் சீந்தவில்லை. மாமனார் இலையை இடம் மாற்றி மாற்றி வைத்துக் கா கா என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார். சூரியன் உச்சிக்கு வந்துவிட்டது.

மகளைத் தூர நின்று பார்க்கலாம் என்று அந்த அம்மாவும் கோயிலுக்கு வந்திருக்கிறாள். பிள்ளை வேர்த்து ஒழுகி ஆற்றுப் படியில் சரிவதைப் பார்த்தாள். கடைக்கு ஓடிச் சீனியை வாங்கித் தண்ணீரில் கரைத்துக்கொண்டு வந்து, பிள்ளையை ஒருக்களித்துக் கிடத்தி, விரலால் தொட்டுத் தொட்டுக் கன்னத்துக்குள் தடவினாள். மாமனார் அவள் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறார். கிண்ணத்தில் பாதி கொட்டிவிட்டது. மீதியைப் பிள்ளை சப்புக்கொட்டிக் குடித்துக் கண் விழித்தது.

அங்கிருந்து எல்லோருமாக ஜீப் பிடித்து எங்களிடம் வந்தார்கள். டாக்டர் பிள்ளையைப் பார்த்துவிட்டு, அம்மாதான் காப்பாற்றியிருக்கிறாள், ஒண்ணுமில்ல, சரியாப் போயிரும் என்றார். மாமனார் அந்தச் சொல்லைக் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. நேரே லேப் வாசலுக்கு வந்தார். நெடுநெடுவென்ற உயரம், கை முழுக்கக் கொடிக்கு மருந்தடித்த நீலக் கறை. பின்னால் மகன். வராந்தா முனையில் மருமகள், மடியில் பிள்ளை.

"தாயி, டாக்டர் ஈரமனசுக்காரரு. ஊரச் சமாதானப்படுத்துவாரு. ரெண்டாந்தடவ இனிப்பக் குடுத்துருக்கா இவ. வார வெள்ளிக்கிழம சொந்தபந்தம் கூடித் தாலிய வாங்கிட்டுத் தீத்துவிடலாம்னு இருக்கோம். நீ சொன்னா சரியா இருக்கும். இவ குடுத்த பழத்தாலதான இந்தச் சீக்கு வந்துச்சு?"

லேப் அம்மா முதலில், இன்றைக்குச் சீனி கொடுக்கச் சொன்னது நான், அது இல்லாவிட்டால் பிள்ளை இல்லை என்றார். மாமனார் தலையாட்டினார். "அது இருக்கட்டும். சீக்கு எதனால வந்துச்சு? அதச் சொல்லு."

"தெரியாது" என்றார் லேப் அம்மா.

வராந்தா முனையில் இருந்த முகம் அணைந்துபோனதை நான் பார்த்தேன். மாமனார் மகன் பக்கம் திரும்பி, "பாத்தியா? இந்தம்மாவே இல்லைன்னு சொல்லல" என்றார். பிள்ளையை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள். அந்தப் பெண் குச்சனூர் பஸ்ஸுக்குத் தனியாக நடந்தாள்.

எனக்கு ஆத்திரம் தாங்கவில்லை. பழத்தால் இல்லை என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் என்ன குடி முழுகியிருக்கும் என்று கேட்டேன். அவரிடம் நான் அப்படிப் பேசியது அதுதான் முதல் தடவை. அவர் புளியங்கொட்டைக் கிண்ணத்தை எடுத்து எண்ண ஆரம்பித்தார். முதல் தடவை ஒரு கணக்கு வந்தது, இரண்டாம் தடவை வேறு கணக்கு. மூன்றாவது தடவையும் ஒத்துவரவில்லை. கிண்ணத்தைத் தள்ளிவிட்டு வாழைத் தோப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

வியாழக்கிழமை, வீட்டிலிருந்து வரும்போது ஒரு பல்பொடி டப்பா கொண்டுவந்தார். பஞ்சுக்குள் ஒரு கண்ணாடித் துண்டு. மைக்ராஸ்கோப்பைப் பெட்டியில் போடச் சொன்னார். கழுவின குழாய்கள், நீல மருந்து ஒரு பெரிய புட்டி, எல்லாவற்றையும் சாக்கு வைத்துக் கட்டினேன். வெள்ளிக்கிழமை டாக்டரிடம் லீவு சொல்லிவிட்டுப் பஸ் ஏறினோம்.

பஸ்ஸில்தான் அந்தக் கண்ணாடித் துண்டின் கதையைச் சொன்னார். மதுரையில் படித்துக்கொண்டிருந்தபோது பத்து வயசுப் பையன் ஒருவன் இதே சீக்கில் ஆஸ்பத்திரிக்கு வந்து மூன்றாம் நாள் இறந்துவிட்டான். சர்க்கரை என்று கண்டுபிடித்ததே அந்த மூன்று நாளில்தான். அவன் கணையத்திலிருந்து சன்னமாகச் சீவி எடுத்த திசுவுக்குச் சாயம் ஏற்றும் வேலை இவருக்கு வந்தது. அதில் ஒன்றைப் பெரிய டாக்டர் இவரையே வைத்துக்கொள்ளச் சொன்னார். "அந்தப் பையனோட அம்மா ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு, நான் என்னத்தக் குடுத்துக் கெடுத்தேனோன்னு நெஞ்சுல அடிச்சுக்கிட்டு அழுதாக தம்பி. நான் அப்பத்தான் இதப் பாத்துட்டு வெளிய வர்றேன். கிட்டப் போய் ஒரு வார்த்த சொல்லல. என்ன சொல்றதுன்னு தெரியல." உத்தமபாளையம் வரை பல்பொடி டப்பாவை மடியில் வைத்துப் பிடித்துக்கொண்டே வந்தார்.

தோட்டத்து வீட்டின் முன்னால் பந்தல் நிழலில் ஏழெட்டுச் சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். அந்தப் பெண் தன் அண்ணனோடு ஓர் ஓரத்தில் நின்றாள். பிள்ளை வாசற்படியில் இருந்தது, தாயிடம் போகக்கூடாது என்று சொல்லிவைத்திருந்தார்கள் போல. மாமனார் எங்களைப் பார்த்ததும் எழுந்து நின்றுவிட்டார்.

லேப் அம்மா சுற்றி வளைக்கவில்லை. "ஐயா, அன்னைக்கு நீங்க கேட்டதுக்குத் தெரியாதுன்னேன். அது நெசம். ஆனா எனக்குத் தெரிஞ்சதும் கொஞ்சம் இருக்கு, அதச் சொல்லாம விட்டது என் தப்பு. மொதல்ல ஒண்ணு கேக்குறேன். இந்தத் தோட்டத்துல பழம் தின்னாத பிள்ள எது?"

அங்கே கொடிக்குக் கீழே பிறந்து கொடிக்குக் கீழே வளரும் பிள்ளைகள்தான் எல்லாம்.

"அம்புட்டுப் பிள்ளைகளையும் மூத்திரம் கொண்டாரச் சொல்லுங்க. பழத்தால வருதான்னு பாத்துருவோம்."

பங்காளி ஒருவர், "மூத்திரத்த வச்சுப் பஞ்சாயத்தா? நல்ல ஊருடா" என்றார். சிரிப்பு எழுந்தது. மாமனார் மட்டும் சிரிக்கவில்லை. பிள்ளைகளைக் கூப்பிடச் சொன்னார்.

அந்தக் காலையை என்னால் மறக்க முடியாது. கொட்டாங்குச்சியில், சோடா பாட்டிலில், டம்ளரில், கிடைத்ததில் எல்லாம் பிடித்துக்கொண்டு பிள்ளைகள் வரிசையில் வந்தன. வராதவனை வாய்க்கால் பக்கம் நிறுத்தி உஸ் உஸ் என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். தோட்டத்து அடுப்பில் அண்டா நிறையத் தண்ணீர் கொதித்தது. நான் குழாய்களில் நீல மருந்தை ஊற்றினேன், அவர் எட்டு எட்டுச் சொட்டாக விட்டார். சீக்குப் பிள்ளை நீங்கலாக முப்பத்தொன்பது பிள்ளைகள். இரண்டு தடவையாகக் கொதிக்கவைத்து எடுத்து, எல்லோரும் பார்க்கிற மாதிரி பலகையில் வரிசையாக நிறுத்தினோம். முப்பத்தெட்டு நீலம். ஒன்று மட்டும் மஞ்சளும் பச்சையுமாகத் திரும்பியிருந்தது.

அது கடைசிக் கொத்தில், ஓரத்தில் இருந்தது. நான் நின்ற இடத்திலிருந்து அதைச் சாக்குக்குள் தள்ளுவதற்கு ஒரு நொடி போதும். அவர் பக்கம் பார்த்துக் கண் காட்டினேன். அவர் அந்தக் குழாயைத்தான் முதலில் கையில் எடுத்தார். உயர்த்திப் பிடித்து, "இதுல சக்கரை காட்டுது. யாரோட பிள்ள?" என்றார்.

பந்தலே எழுந்துவிட்டது. பங்காளி, "வந்துச்சுல்ல" என்றார். ஓரத்தில் நின்ற அந்தப் பெண் முகத்தை அண்ணன் தோளில் புதைத்துக்கொண்டாள். கேலி பேசிய அதே பங்காளியின் பேரன்தான் அது.

லேப் அம்மா பையனைக் கூப்பிட்டார். எதில் பிடித்தாய் என்று கேட்டார். பையன் ஒரு குப்பியைக் காட்டினான். மோந்து பார்த்தார். என்னிடம் நீட்டினார். தேன் வாசம். மலைத்தேன் வாங்கி வைத்திருந்த குப்பியை அடி கழுவாமல் கொண்டுவந்திருக்கிறான். கொதித்த டம்ளர் ஒன்றைக் கொடுத்து மறுபடி போகச் சொன்னார். போனவனுக்கு வரவில்லை. ஒரு செம்பு தண்ணீர் குடிக்கவைத்து, அத்தனை பெரிய மனிதர்களும் ஒரு பொடியன் மூத்திரம் பெய்வதற்காக மூச்சுப் பிடித்துக் காத்திருந்தோம். கொண்டுவந்ததை இரண்டு குழாயில் தனித்தனியாகச் சோதித்தார். இரண்டும் நீலம்.

பங்காளி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

மாமனார் விடவில்லை. அவர் கெட்டவரில்லை, காரணம் கிடைக்காமல் உட்கார முடியாதவர். "பழத்தால இல்ல. சரி. அப்ப எதனால? நாளைக்கு இதுல ஒரு பிள்ளைக்கு வராதுன்னு சொல்வியா?"

"சொல்ல மாட்டேன். வரலாம். தெரியாது. இதே சீக்குல செத்த ஒரு பையனோட கணையத் துண்டு இது, பாருங்க" என்று மைக்ராஸ்கோப்பை வெளியில் வைத்து, அதன் அடிக் கண்ணாடியை வடக்கு வானத்துப் பக்கம் திருப்பினார். கண்ணாடித் துண்டை மாட்டி, நகர்த்தி நகர்த்தி ஓரிடத்தில் நிறுத்தினார். மாமனார் ஒரு கண்ணை இறுக்கிக்கொண்டு குனிந்தார்.

"பொங்கலுக்குப் பூசின செவரு மாதிரி ரோஸா இருக்கு."

"நடுவுல வெளுப்பா, வட்டமா ஒரு திட்டு இருக்கா? அதுதான் இன்சுலின் சுரக்கிற எடம். சுத்தி ஒண்ணும் இல்லாமச் சுத்தமா இருக்கா? இப்ப அடுத்த திட்டப் பாருங்க."

மாமனார் வெகுநேரம் நிமிரவில்லை. "இதுல கடுகு சிந்தினாப்புல கருநீலமா என்னமோ சுத்தி அப்பிருக்கு. உள்ளயும் பூந்துருக்கு."

"அது வெள்ள அணு. வெளியில இருந்து கிருமி வந்தா அடிக்கிறது அதோட வேல. இங்கன கிருமி எதையும் நான் பாக்கல. நம்ம ஒடம்புல உள்ள திட்டையே வளைச்சிருக்கு. இப்ப மூணாவது." மறுபடி நகர்த்தினார். "இதுல கடுகும் இல்ல, சொரக்கிறதும் இல்ல. முடிஞ்சு சுருங்கிருச்சு. மூணும் ஒரே பிள்ளையோட ஒரே துண்டு. சீக்குன்னு கண்டுபிடிச்சு மூணே நாளு. மூணு நாள்ல ஒண்ணு முடிஞ்சு, ஒண்ணு நடந்துக்கிட்டு, ஒண்ணு தொடங்காம இருக்குமா?"

மாமனார் நிமிர்ந்து தோட்டத்தைப் பார்த்தார். தனக்குத் தானே பேசுகிற மாதிரி, "எல வாடுன அன்னைக்கா கொடிக்குச் சீக்கு வந்துச்சு? தோண்டிப் பாத்தா வேரு எப்பவோ போயிருக்கும்" என்றார்.

"கொடியப் பத்தி எனக்குத் தெரியாதுங்கய்யா. இந்தப் பையனுக்குத் தாகம் எடுக்குறதுக்கு ரொம்ப முன்னாடியே இது உள்ளுக்குள்ள ஆரம்பிச்சிருக்கு. அம்புட்டுத்தான் நான் பாத்தது. வெள்ள அணு ஏன் வளைச்சுச்சுன்னு கேட்டா, எனக்கும் தெரியாது, எனக்குச் சொல்லிக் குடுத்த டாக்டருக்கும் தெரியாது."

புருஷன்காரன் வந்து குனிந்து பார்த்தான். பங்காளி பார்த்தார். நானும் பார்த்தேன். ஐந்தாவது படித்த எனக்கே தெரிந்தது. ஒரு திட்டு சும்மா கிடக்கிறது, பக்கத்துத் திட்டைக் கடுகு மொய்த்துக்கொண்டு நிற்கிறது.

யாரும் தீர்ப்பு என்று எதையும் சொல்லவில்லை. மாமனார் மருமகளிடம் போனார். நாலடி தள்ளி நின்றுகொண்டு கேட்டார்.

"ஏத்தா, அன்னைக்குக் கோயில்ல நான் ஓங் கையப் பிடிச்சேன்ல?"

"பிடிச்சீக மாமா."

"எம்புட்டுக் கொட்டுச்சு?"

"பாதி."

அவர் துண்டை எடுத்து உதறினார், மறுபடி தோளில் போட்டார், மறுபடி எடுத்தார். அந்த நீலக் கறைக் கையை எங்கே வைப்பது என்று அவருக்குத் தெரியவில்லை.

நான் குழாய்களைச் சாக்கில் கட்டிக்கொண்டிருந்தேன். லேப் அம்மா கண்ணாடித் துண்டைப் பஞ்சில் சுற்றினார். அந்தப் பெண் பக்கத்தில் வந்து குத்தவைத்தாள். மெதுவாகத்தான் கேட்டாள், எனக்குக் காதில் விழுந்தது.

"அக்கா, நெசமாச் சொல்லுங்க. நான் காரணமில்லையா?"

எனக்குப் பயமாக இருந்தது. மறுபடியும் அந்தச் சொல்லைச் சொல்லிவிடுவாரோ என்று கை நின்றுவிட்டது. லேப் அம்மா அவளை நிமிர்ந்து, இரண்டு கண்ணாலும் பார்த்தார்.

"இந்தத் துண்ட நான் பதினோரு வருசமாப் பாக்குறேன் தாயி. ஒரு எடம் விடல. அதுல எங்கயும் ஆத்தா இல்ல."

அவள் அழவில்லை. வெயிலைப் பார்த்தாள். பிள்ளை சாப்பிடும் நேரம் தாண்டிக்கொண்டிருந்தது. எழுந்து, பந்தலில் இருந்த அத்தனை பேரையும் கடந்து, வாசற்படியில் இருந்த மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். யாரும் தடுக்கவில்லை. உள்ளே தட்டு எடுக்கிற சத்தம் கேட்டது.